ஈயக்குண்டும் மூலிகைச் சாறும்

நிந்தவூர்க் கடற்கரையில் மாலை நான்கு மணிக்கு மேல் நடப்பவர், தென்னைகளுக்கிடையே ஆண்கள் வட்டமாயிருந்து வலை பழுதுபார்ப்பதைக் காணாமல் திரும்ப முடியாது. ஒலுவில் துறைமுகம் கட்டப்பட்ட பின் கடல் இக்கரையை அரித்து வருவதால், முன்பு வள்ளங்கள் கிடந்த இடத்தில் இன்று அலை. இன்று வள்ளங்கள் கிடக்கும் இடத்தில் முன்பு தென்னை. சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவ்வழியே சென்ற எம்மை, "சேர், சேர்!" என்ற குரல் நிறுத்தியது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் இரசாயனம் படித்த மாணவர் ஒருவர். பெயர் இங்கு வேண்டியதில்லை.

தம் தந்தையாரின் வளவில் மூன்று கற்களைக் கூட்டி, சிரட்டை நெருப்பின்மீது பழைய இரும்புச் சட்டியொன்றை வைத்து அவர் ஈயம் உருக்கிக்கொண்டிருந்தார். பழைய பற்றரித் தகடுகளும் கழித்துவிட்ட ஈயக் குழாய்த் துண்டுகளும் சட்டியில் அமிழ்ந்துகொண்டிருந்தன. உருகியதை அச்சில் ஊற்றி, வலையின் அடிக்கயிற்றில் கோக்கும் குண்டுகளாக எடுப்பார். மேலே மிதப்பும் கீழே ஈயமும் இல்லாவிடின் வலை நீரில் நிமிர்ந்து நிற்காது என்பது கடற்கரைக் குழந்தைக்கும் தெரியும். அவருடைய தமக்கையின் மகன், மூன்று வயதுப் பாலகன், ஆறிய குண்டுகளை வரிசையாக அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தான். அவற்றுள் ஒன்று வாயில் இருந்தது.

"சேர், கலியாணம் முடிச்சு ஆறு வருஷம். இன்னும் புள்ளையில்ல. இத ஒருக்காப் பாருங்க" என்று மாணவர் கைப்பேசியை நீட்டினார். பார உலோகங்களால் ஆணின் விந்தணுவுக்கு நேரும் கேட்டை ஒரு மூலிகைச் சாறு முற்றாக மாற்றிவிடும், அது ஆராய்ச்சியில் நிறுவப்பட்டது என்பது அதில் வந்திருந்த செய்தி. கீழே ஒரு லேகியத்தின் விளம்பரம். "இது மெய்யா சேர்?"

கேள்வியைக் கேட்டவரின் முகத்துக்கு நேரே ஈயச் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. பார உலோகம் என்றால் எங்கோ தொழிற்சாலையில் இருக்கும் ஒன்று என்றே அவர் எண்ணியிருந்தார். அதற்கு நாமும் ஒரு காரணம். ஈயத்தின் உருகுநிலை 327 பாகை என்று கரும்பலகையில் எழுதி, அதை மனனம் செய்யவும் வைத்தோம். அந்த 327 பாகை ஒரு சிரட்டை நெருப்பிலேயே எட்டிவிடக்கூடியது என்றோ, எட்டினால் என்ன நேரும் என்றோ நாம் ஒரு நாளும் சொன்னதில்லை. பாடத்திட்டத்தில் அது இல்லை.

அன்று விடை சொல்லாமல், சட்டியை இறக்கச் சொல்லிவிட்டு, பாலகனின் வாயிலிருந்ததை எடுத்துவிட்டு வந்தோம். பிறகு சில கிழமைகள் இது பற்றிப் படித்தோம். அவருக்குச் சொன்ன விடையை இப்பத்திக்கு வரும் அன்பர்களும் அறிவது நல்லதென்று கருதுகிறோம்; இக்கரையில் ஈயம் உருக்குவோர் அவர் ஒருவர் மட்டுமல்லர்.

முதலில் கேடு மெய்யானதா என்பது. மெய்யே, மிகப் பழைய மெய். பாரிசு நகரில் கொன்சுதந்தின் போல் என்னும் மருத்துவர் 1860ஆம் ஆண்டிலேயே, ஈயத் தொழில் செய்யும் பெண்களின் கருப்பங்கள் மட்டுமன்றி, ஈயத் தொழில் செய்யும் ஆண்களின் மனைவியருடைய கருப்பங்களும் சிதைவதைக் கண்டு எழுதினார். நூறாண்டுக்கு மேற்பட்ட பின், 1975இல், உரூமேனிய நாட்டின் பற்றரித் தொழிலாளரின் விந்தை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தபோது, உடலில் ஈயம் கூடியவர்களிடம் விந்தணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும், அசைவில் தளர்ந்தும், வடிவில் கோணியும் இருந்தன. இலங்கையிலும் இதைப் பார்த்திருக்கின்றனர். குழந்தையின்மைக்காகப் பரிசோதனைக்கு வந்த 300 ஆண்களின் விந்துப் பாயத்தில் ஈயத்தையும் கட்மியத்தையும் அளந்த ஆய்வொன்று 2015இல் இலங்கை மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்தது. தொழிலாலோ இருப்பிடத்தாலோ நச்சுப் பொருள்களை அண்டி வாழ்ந்தவர்களின் விந்தணு நிலை மற்றவர்களைவிடத் தாழ்ந்திருந்தது.

இது எவ்வாறு நேர்கிறது என்பதற்கு எமது வகுப்பறைச் சுவரில் தொங்கும் ஆவர்த்தன அட்டவணையே போதிய விளக்கம் தரும். அதில் நாகத்துக்கு நேர் கீழே நிற்பது கட்மியம். அதற்கும் கீழே இரசம். ஒரே நிரலில் நிற்பவை ஒரே குணம் காட்டும் என்பது மாணவர் அறிந்ததே. விந்து உருவாக உடலுக்கு நாகம் வேண்டும். விந்தணுவின் தலையில் பரம்பரைப் பொருளை இறுகச் சுருட்டி வைக்கும் புரதங்களை நாகமே பிணைத்து நிறுத்துகிறது. நாகம் அமர வேண்டிய ஆசனத்தில் கட்மியமோ ஈயமோ வந்து அமர்ந்துவிட்டால், ஆசனம் நிரம்பியிருக்கும். வேலை மட்டும் நடவாது. பிராக் நகரத்து விஞ்ஞானி பாரிசெக் 1956இல், எலிகளுக்குக் கட்மிய உப்பைச் சிறிதளவு ஊசியால் ஏற்றியதும் சில நாட்களுக்குள் அவற்றின் விதைகள் அழிந்துபோவதைக் கண்டார். அடுத்த ஆண்டில் அவர் காட்டியது இன்னும் வியப்பானது: போதிய நாகத்தையும் கூடவே கொடுத்தால் அந்த அழிவு நேரவில்லை. உலோகம் செய்த கேட்டை வேறொரு பொருளால் தடுக்கலாம் என்ற எண்ணத்துக்கு உறுதியான தொடக்கங்களுள் இதுவும் ஒன்று.

இரண்டாவது வழி ஒட்சியேற்றம். இரும்பு துருப்பிடிப்பதும் எண்ணெய் காறுவதும் நாம் அறிந்த ஒட்சியேற்றங்களே. விந்தணுவின் மேற்சவ்வு இளகிய கொழுப்பாலானது. எளிதிற் காறும் தன்மையுடையது. ஈயமும் கட்மியமும் ஆசனிக்கும், உடல் தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் கந்தகச் சேர்க்கையுள்ள பொருள்களைப் பிடித்து முடக்கிவிடுகின்றன. காவல் முடங்கியதும் சவ்வு காறத் தொடங்குகிறது.

மூலிகைகள் நுழைவது இந்த இடத்தில்தான். மஞ்சள், உள்ளி, முருங்கையிலை, நெல்லிக்காய், கருஞ்சீரகம் ஆகியவற்றில் ஒட்சியேற்றத்தைத் தணிக்கும் பொருள்கள் நிறைய உண்டு. ஆகவே இந்தியா, எகிப்து, நைஜீரியா, ஈரான் முதலிய நாடுகளின் ஆய்வுகூடங்களில் எலிகளுக்கு ஈய உப்பையோ கட்மிய உப்பையோ கொடுத்து, கூடவே இச்சாறுகளில் ஒன்றையும் புகட்டி, விதைகளை வெட்டிப் பார்க்கிறார்கள். சாறு பெற்ற எலிகளின் விதைகள், பெறாதவற்றைவிடக் குறைவாகவே கெட்டிருக்கின்றன. இப்படிப்பட்ட கட்டுரைகள் ஏராளம். மாணவரின் கைப்பேசிக்கு வந்த செய்தியின் வேர் இவற்றில் ஒன்றாகவே இருக்க வேண்டும். எனவே அச்செய்தி முழுப் பொய்யன்று. முழுப் பொய்யாயிருந்தால் எமது வேலை எளிதாயிருக்கும்.

இந்த எலிகளுக்குச் சாறு எப்போது கொடுக்கப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலான ஆய்வுகளில் நஞ்சும் சாறும் ஒரே காலத்தில் புகட்டப்படுகின்றன. சிலவற்றில் சாறு முந்திவிடுகிறது. கூரையில் தீப்பொறி விழும்போதே பக்கத்தில் தண்ணீர்க் குடத்துடன் ஆள் நிற்பது போன்றது இது. பத்தாண்டு ஈயம் உருக்கியவன் பதினோராவது ஆண்டில் லேகியம் வாங்குவது எரிந்து முடிந்த கூரைக்குத் தண்ணீர் தேடுவது. முன்னதிலிருந்து பின்னதை ஊகிக்க முடியாது.

அளவையும் கணக்கிட்டுப் பார்ப்போம். எலியின் உடல் நிறையில் ஒரு கிலோகிராமுக்கு 500 மில்லிகிராம் சாறு என்பது இக்கட்டுரைகளில் வழக்கமாகக் காணும் அளவு. எலிக்குக் கொடுத்ததை மனிதனுக்கு மாற்றும்போது சுமார் 6.2ஆல் வகுப்பது மருந்தியலார் வழக்கம். வகுத்தால் கிலோவுக்கு ஏறத்தாழ 80 மில்லிகிராம். 60 கிலோ நிறையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 4.8 கிராம் உலர்ந்த சாறு. நூறு பங்கு உலர்ந்த இலையில் பத்துப் பங்கு சாறு கிடைக்குமென வைத்துக்கொண்டாலும், 48 கிராம் உலர்ந்த இலை வேண்டும். பச்சை முருங்கையிலையில் முக்காற் பங்குக்கு மேல் நீர். ஆதலால் பச்சையாக 200 கிராமாவது உருவ வேண்டும். இதை நாள்தோறும், மாதக்கணக்காக! ஒரு தேக்கரண்டி லேகியத்தில் இதில் எத்தனை பங்கு இருக்க முடியும் என்பதை மாணவர்களே ஒரு பயிற்சியாகச் செய்து பார்க்கலாம்.

மேலும், சாறு கூடினால் நன்மையும் கூடும் என்பதில்லை. அமுக்கிராக் கிழங்கு ஆண்மைக்கு உகந்தது என்று ஊரெல்லாம் நம்பும் மருந்து. கொழும்புப் பல்கலைக்கழக விலங்கியற் பேராசிரியர் இரத்னசூரியவும் உடன் ஆய்வாளரும் அதன் சாற்றை ஆண் எலிகளுக்குக் கிலோவுக்கு 3000 மில்லிகிராம் வீதம் ஏழு நாட்கள் கொடுத்து 2002இல் வெளியிட்ட முடிவு, எலிகளின் இணை விழைவு குன்றியது என்பதாகும். இந்தியாவில் 2013இல் வெளியான சிறு ஆய்வொன்றிலோ, விந்தணுக் குறைவுள்ள 46 ஆண்களிடையே அதே கிழங்கின் சாற்றைக் குறைந்த அளவில் 90 நாட்கள் உண்டோரின் எண்ணிக்கை நன்கு உயர்ந்தது. இரண்டும் ஒரே கிழங்கு. அளவும் உயிரும் வேறு.

நிந்தவூர் இல்லங்களில் கருஞ்சீரகத்துக்குத் தனி மதிப்பு உண்டு. நபிகள் நாயகம் அதன் சிறப்பைக் கூறியிருப்பதாக எமது இசுலாமிய நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதைப் பற்றியும் பார்த்தோம். ஈரானில் விந்தணுக் குறைபாடுள்ள 68 ஆண்களை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினருக்குக் கருஞ்சீரக எண்ணெயும் மறு பகுதியினருக்கு வெற்றெண்ணெயும் நாளுக்கு 5 மில்லிலீற்றர் வீதம் இரு மாதங்கள் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, குடித்தவருக்கும் தெரியாது. கருஞ்சீரக எண்ணெய் குடித்தவர்களின் விந்தணு எண்ணிக்கையும் அசைவும் மேம்பட்டன. 2014இல் வெளிவந்த இவ்வாய்வு மதிக்கத்தக்கது. ஆனால் அவர்கள் ஈய நஞ்சேறியவர்கள் என்று தெரிவு செய்யப்பட்டவர்களல்லர்.

ஈய நஞ்சேறியவர்களிடம் செய்த ஆய்வும் அதே ஈரானிலிருந்துதான் வருகிறது. மசுகது நகரில் பற்றரித் தொழிற்சாலையில் வேலை செய்த 117 பேருக்கு, ஒரு பகுதியினருக்கு உள்ளிச் சாற்று மாத்திரையும் மற்றவர்களுக்குப் பெனிசிலமின் என்னும் ஈயம் நீக்கும் மருந்தும் நான்கு வாரங்கள் கொடுத்தனர். 2012இல் வெளியிட்ட கணக்கின்படி உள்ளி உண்டோரின் இரத்த ஈயம் லீற்றருக்குச் சுமார் 426 மைக்கிரோகிராமிலிருந்து 347ஆக இறங்கியது. மருந்துக்குச் சமமாகவே உள்ளியும் வேலை செய்தது. நாம் மகிழ்ச்சியோடு படித்தோம். ஆயினும் 347 என்பதும் நல்ல அளவன்று. அவர்களுடைய இரத்தத்தை அளந்தார்கள், விந்தை அளக்கவில்லை. கொத்தமல்லிச் சாறு ஈயத்தை வெளியேற்றும் என்று பலரும் சொல்லக் கேட்கிறோம். ஈரானியச் சிறுவரிடையே அதையும் சோதித்தபோது, வெற்று மருந்து குடித்த பிள்ளைகளைவிடக் கொத்தமல்லி குடித்த பிள்ளைகள் மேம்பட்டுவிடவில்லை.

ஆக, நஞ்சேறிய எலிக்கு மூலிகை கொடுத்து விதையைப் பார்த்திருக்கிறார்கள். நஞ்சேறாத ஆணுக்கு மூலிகை கொடுத்து விந்தைப் பார்த்திருக்கிறார்கள். நஞ்சேறிய ஆணுக்கு மூலிகை கொடுத்து இரத்தத்தைப் பார்த்திருக்கிறார்கள். நஞ்சேறிய ஆணுக்கு மூலிகை கொடுத்து விந்தைப் பார்த்த ஆய்வைக் காண்பதுதான் அரிது. எமது மாணவரோ அந்த இடத்தில்தான் நின்றுகொண்டிருக்கிறார்.

இனி, லேகியத்துக்குள்ளேயே ஈயம் இருந்தால்? இதை வெறும் பயமுறுத்தலாகக் கருத வேண்டாம். அமெரிக்காவின் பொசுற்றன் நகரக் கடைகளில் விற்ற 70 ஆயுள்வேத மருந்துகளைச் சோதித்து 2004இல் வெளியிட்ட ஆய்வில் 14இல் ஈயமோ இரசமோ ஆசனிக்கோ இருந்தது. 2008இல் இணையவழி வாங்கிய 193 மருந்துகளிலும் ஐந்தில் ஒரு பங்கு அப்படியே. நியூயோர்க் நகரில் 2011, 2012ஆம் ஆண்டுகளில் ஆறு கருப்பிணிப் பெண்கள், இந்தியாவிலிருந்து வந்த இத்தகைய மருந்துகளை உண்டு ஈய நஞ்சுக்கு ஆளாகிப் பதிவாகினர். வங்காளதேசத்தில் மஞ்சளுக்குப் பொன்னிறம் ஏற்ற ஈயக் குரோமேற்றுத் தூளைக் கலந்து வந்தார்கள். 2019இல் இது அம்பலமாகி அரசு நடவடிக்கை எடுத்தபின், ஈயம் தென்பட்ட சந்தை மஞ்சள் மாதிரிகள் 47 விழுக்காட்டிலிருந்து 2021இல் இல்லை என்னும் நிலைக்கு வந்தன. அதற்குமுன் யாரேனும் ஒருவர் ஈயத்தைப் போக்க மஞ்சள் உண்டிருந்தால், ஈயத்தைப் போக்க ஈயம் உண்டவராவார்.

இங்கே சொல் ஒன்றும் ஆளைக் கவிழ்த்துவிடும். எமது தமிழில் நாகம் என்றால் துத்தநாகம். சித்த வைத்தியத்தில் நாக பற்பம் என்பதும் அதைக் கொண்டு முடிப்பதே. ஆனால் வடமொழி ஆயுள்வேத நூல்களில் நாகம் என்பது ஈயம். அங்கே நாக பசுமம் என்றால் ஈயத்தைப் புடமிட்டு எடுத்த தூள். ஒன்று விந்துக்கு வேண்டிய உலோகம். மற்றது அதைக் கெடுக்கும் உலோகம். புட்டியில் இரண்டும் ஒரே பெயரில் இருக்கலாம். முறைப்படி சுத்தி செய்தால் நஞ்சு நீங்கும் என்று வைத்தியர் சொல்வர். சுத்தி செய்தாலும் ஈயம் வேறு மூலகமாக மாறிவிடாது என்பது இரசாயனம் படித்தவர் அறிந்ததே. நிந்தவூரிலேயே ஆயுள்வேத ஆராய்ச்சி வைத்தியசாலை ஒன்று இருக்கிறது. கைப்பேசி விளம்பரத்தில் வாங்குவதை விட்டு, பதிவு பெற்ற வைத்தியர் ஒருவரிடம் "இதில் உலோகம் சேர்ந்திருக்கிறதா?" என்று நேராகக் கேட்பது எவருக்கும் கூடியதே. உலோகம் கலவாத மூலிகை மருந்துகள் அவர்களிடம் நிறைய உண்டு.

அப்படியானால் ஈயம் ஏறிய ஆணுக்கு வழியே இல்லையா? உண்டு, அது எமக்கே எதிர்பாராத அளவு எளிதாயிருந்தது. அமெரிக்காவில் துப்பாக்கிச் சுடுதல் கற்பிக்கும் ஒருவர், சன்னங்களின் ஈயத்தூளை மூச்சோடு இழுத்து நஞ்சேறினார். இரத்த ஈயம் தெசிலீற்றருக்கு 88 மைக்கிரோகிராம். அவரை ஈயத்திலிருந்து விலக்கி, ஈயத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்தையும் மருத்துவமனையில் கொடுத்தனர். ஈயம் 30 வரை இறங்க இறங்க விந்தணு எண்ணிக்கை ஏறி, இயல்பான நிலைக்கு வந்தது. இது 1987இல் வெளிவந்தது. விந்தணு ஒன்று உருவாகச் சுமார் 74 நாட்கள் செல்கின்றன. இன்று ஈயத்தை விட்டவனின் புதிய விந்தணுக்கள் மூன்று மாதத்துக்குப் பின்பே வெளிவரும். அதற்கிடையில் குடித்த எந்த மருந்தும் அப்புகழைத் தனதாக்கிக்கொள்ளும்! எலும்பில் ஏறிய ஈயம் இருபது முப்பது ஆண்டுகள் கிடந்து கசியும் என்பதால், விடுவதை விரைவில் விட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டியும் முதற்கண் வற்புறுத்துவது இதையே: தெசிலீற்றருக்கு 5 மைக்கிரோகிராமை எட்டினாலே ஈயம் வரும் வழியைக் கண்டு அடைக்க வேண்டும்.

கட்மியத்துக்கு அவ்வளவு வசதியும் இல்லை. அதை உடலிலிருந்து வெளியேற்ற நம்பத்தக்க மருந்தே கிடையாது. புகையிலைச் செடி மண்ணிலுள்ள கட்மியத்தை விரும்பி உறிஞ்சுவது. லேகியத்தை ஒரு கையிலும் சிகரெட்டை மறு கையிலும் வைத்திருப்போர் இதைக் கவனிக்க வேண்டும். சில வகைச் சுருமாவில் ஈயத்தின் கந்தகச் சேர்வையே முதற்பொருள் என்பதையும் சொல்லிவிடுகிறோம். கண்ணுக்கிடுவோர், குறிப்பாகக் குழந்தைகளுக்கு இடுவோர், கேட்டு வாங்குக.

இவ்வளவையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு மறுபடி நிந்தவூருக்குப் போனோம். மாணவர் பொறுமையாகக் கேட்டார். "இதுவரை என்ன பரிசோதனை செய்தீர்கள் தம்பி?" என்று கேட்டோம். மனைவிக்குச் செய்த பரிசோதனைகளின் கோவை ஒன்றரை அங்குலத் தடிப்பில் வந்தது. கல்முனை, மட்டக்களப்பு, கொழும்பு. இரத்தம், கதிர்ப்படம், ஒரு சிறு சத்திர சிகிச்சையுங்கூட. எல்லாவற்றிலும் குறையில்லை என்றே எழுதியிருந்தது. கணவருக்கு ஒரு தாளும் இல்லை.

"எனக்கு ஒன்டுமில்ல சேர். நல்லா வேல செய்யிறன்தானே."

உடல் வலிமையும் விந்தணு எண்ணிக்கையும் ஒன்றல்ல. குழந்தையில்லாத தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. விந்துப் பரிசோதனையோ இவையெல்லாவற்றிலும் மலிவானது, வலியற்றது. இரண்டு முதல் ஏழு நாட்கள் விலகியிருந்து ஒரு முறையும், சில வாரம் விட்டு மறு முறையும் கொடுத்தால் போதும். ஒன்றரை அங்குலக் கோவை தடிக்குமுன் அந்த ஒற்றைத் தாள் வந்திருக்க வேண்டும். இதை நிந்தவூரின் குறையாக எழுதுகிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். எமது காரைதீவில் எமது சொந்தச் சுற்றத்திலேயே, பதினோர் ஆண்டு கோயில் கோயிலாக நோன்பிருந்த பெண்ணொருத்தியை நாம் அறிவோம். அவளுடைய கணவன் இறக்கும் வரை அந்த ஒரு தாளைக் கொண்டுவரவில்லை. அவளை மலடி என்று அழைத்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அப்போது நாமும் வாய் திறக்கவில்லை.

மாணவரின் வீட்டிலும் வேறு பேச்சுகள் எழத் தொடங்கியிருந்தன என்பதை அவர் சொல்லாமலே உணர்ந்தோம். கதவருகே நின்ற அவர் மனைவி, நாம் பேசியது முழுவதையும் கேட்டிருந்தார். "சேர் சொல்றதச் செய்ங்களன்" என்று மட்டும் கணவரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

செய்தார். இரத்தம் கொழும்புக்குப் போயிற்று. தமக்கையின் பாலகனுடையதும் கூடவே போயிற்று. இருவரின் அளவும் அந்த ஐந்தைப் பல மடங்கு தாண்டியிருந்தன. விந்தணு எண்ணிக்கையும் குறைவு, அற்றுப்போகவில்லை. பாலகனை உடனே குழந்தை வைத்தியரிடம் கொண்டுசென்றார்கள். அவன் விடயத்தில் காத்திருக்க இடமில்லை. ஈயச் சட்டி வளவைவிட்டுப் போய்விட்டது. அடுப்படியில் சாம்பல் போல் படிந்திருந்த ஈய ஒட்சைட்டுத் தூளே சட்டியைவிடக் கொடியது என்பதால், அதைக் காய்ந்தபடி கூட்டாமல் ஈரமாக்கி வாரி, மேல்மண்ணையும் அகற்றச் சொன்னோம். குண்டுகள் இப்போது ஆயத்தமாக வாங்கப்படுகின்றன. செலவு கூடுதல்தான், வலைக்காரர் கணக்கில் அது சிறு தொகையன்று. வேலை முடித்துக் குளித்து உடை மாற்றாமல் வீட்டினுள் நுழைவதில்லை என்ற ஏற்பாட்டுக்கு மனைவியே காவல். மருந்து தேவையா என்பதை வைத்தியர் அடுத்த இரத்த அளவைப் பார்த்து முடிவு செய்வதாகச் சொல்லியிருக்கிறார். மூன்று மாதம் இன்னும் நிறையவில்லை.

சென்ற வெள்ளிக்கிழமை மாலை ஒரு பையன் சைக்கிளில் வந்து, முருங்கையிலைக் கட்டொன்றை எமது வாசலில் வைத்துவிட்டுப் போனான். நன்றி சொல்ல மாணவரை அழைத்தோம். இருந்தாலும் ஆசிரியப் புத்தி விடவில்லை. ஈயம் உருக்கிய வளவில் முளைத்த மரமா என்று கேட்டுவிட்டோம்.

மறுமுனையில் சிரிப்புக் கேட்டது. "இல்ல சேர், இது மனிசிட வளவு முருங்கை. மருந்துக்கில்ல, கறிக்கி."